கொன்றது ஒரு குண்டு... நினைவைச் சுமப்பது ஒரு நிதி! நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை சொல்லும் பாடம்

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக நாம் என்னென்னவோ செய்கிறோம். திதி கொடுக்கிறோம். நாளிதழில் 'நினைவஞ்சலி' விளம்பரம் போடுகிறோம். முதியோர் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடுகிறோம். கொஞ்சம் வசதி இருந்தால் ஊர்க் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுக்கிறோம். அதில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் பெரிதாக 'உபயம்' என்று பெயரும் எழுதிவிடுகிறோம்!

சரி, அடுத்தவர்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கப் பேசி, அதன் காரணமாகவே கொல்லப்பட்ட ஒருவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? ஒரு சிலை வைக்கலாம். ஒரு தெருவுக்குப் பெயர் சூட்டலாம். ஆண்டுக்கு ஒரு கூட்டம் போடலாம். இலங்கையில் ஒரு மனிதரின் நினைவாக வேறொன்றையும் செய்திருக்கிறார்கள். அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அவர் செய்த வகை வேலையை இன்றைக்குச் செய்துகொண்டிருக்கிறவர்களுக்கு அதன் வழியாகப் பணம் கொடுக்கிறார்கள்.

அந்த மனிதர் நீலன் திருச்செல்வம். தமிழ்நாட்டில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களிலும் சிலருக்கு அவர் மேல் கோபம் இருக்கலாம். இரண்டு தரப்பும் படிக்க வேண்டிய கதை இது.

யார் இந்த நீலன்?

1944 ஜனவரி 31-ல் பிறந்தவர் நீலன். அப்பா எம்.திருச்செல்வம் பெரிய வழக்கறிஞர், செனட்டர். 1965-ல் அமைந்த டட்லி சேனநாயக்க அரசில் தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்து, 1968-ல் பதவி விலகியவர். ஆக, சட்டமும் அரசியலும் நீலனுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தன.

கொழும்பு றோயல் கல்லூரியில் பள்ளிப் படிப்பு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டம். பிறகு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்குப் போய் முனைவர் பட்டம். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான பேராசிரியர் வாழ்க்கை கிடைத்திருக்கும். அவர் கொழும்புக்குத் திரும்பினார்.

1982-ல் இரண்டு நிறுவனங்கள் உருவாவதில் முக்கியப் பங்கு வகித்தார். ஒன்று, இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம். வெவ்வேறு இனங்கள் ஒரே நாட்டில் எப்படி மோதிக்கொள்கின்றன, எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்று ஆராய்வது அதன் வேலை. இன்னொன்று, சட்ட, சமூக அறக்கட்டளை. இலங்கையின் மனித உரிமை நிலை பற்றி அறிக்கைகள் வெளியிட்டு வந்த அமைப்பு அது. இவை தொடங்கிய மறு வருடம்தான் கறுப்பு ஜூலை. 1983 ஜூலை 24-ம் தேதி இரவு கொழும்பில் தொடங்கிய வன்முறையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, பலர் கொல்லப்பட்டார்கள். அந்த நிறுவனங்கள் எதைப் பற்றி ஆராயத் தொடங்கியிருந்தனவோ, அது வாசலுக்கே வந்து நின்றது.

நீலன் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் வட்டுக்கோட்டைத் தொகுதிக்கு 1983 மார்ச்சில் நியமிக்கப்பட்டிருந்தார். கறுப்பு ஜூலைக்குப் பிறகு, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என 6-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. கூட்டணியினர் அதை ஏற்கவில்லை. எல்லோருடைய பதவியும் போனது. மறுபடி அவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 1994-ல், தேசியப் பட்டியல் வழியாக.

இரண்டு பக்கமும் திட்டு

அந்த இரண்டாவது முறைதான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது. 1994-ல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்திருந்தார். போரை முடிக்க ஒரு தீர்வுத் திட்டம் தேவைப்பட்டது. அமைச்சர் ஜி.எல்.பீரிஸுடன் சேர்ந்து அதை எழுதுவதில் நீலன் முக்கியப் பங்கு வகித்தார். 1995 ஆகஸ்டில் வெளியான அந்த யோசனை, இலங்கையை 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்று சொன்னது. கொழும்பில் குவிந்திருந்த அதிகாரத்தைப் பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது.

சிங்கள தேசியவாதிகள், 'நாட்டைத் துண்டு போடுகிறார்' என்றார்கள். தமிழ்த் தரப்பில் ஒரு பகுதியினர், 'போர் நடத்துகிற அரசோடு உட்கார்ந்து சட்டம் எழுதுகிறாரே, இது துரோகம் இல்லையா' என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கும் காரணம் இருந்தது. அதே 1995-ல்தான் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ராணுவம் முன்னேறியது. லட்சக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் ஊரை விட்டு வெளியேறினார்கள். ஒரு கையில் தீர்வுத் திட்டம், இன்னொரு கையில் துப்பாக்கி என்று அரசு இருந்தபோது, அந்தத் திட்டத்தை எழுதியவர் மேல் சந்தேகம் வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

நீலனின் கணக்கு வேறாக இருந்தது. போர் ஒரு நாள் முடியும். முடியும்போது கையில் ஒரு சட்ட வரைவாவது இருக்க வேண்டும் என்பதுபோலத்தான் அவர் வேலை செய்தார். 1999 ஜூன் 15-ல் நாடாளுமன்றத்தில் பேசும்போது, போர்க்களமோ வேறு இடமோ, எங்கு நடந்தாலும் மரணத்தைப் போற்ற முடியாது என்றார். உயிர் வாழும் உரிமை போய்விட்டால் மற்ற உரிமைகளுக்கெல்லாம் அர்த்தமே இல்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

ஆறு வாரங்கள் கழித்து, 1999 ஜூலை 29. கொழும்பு, கின்சி வீதி. காலையில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ரோஸ்மீட் பிளேஸ் சந்திப்பில் கார் மெதுவானபோது, தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் நெருங்கி வந்து குண்டை வெடிக்கச் செய்தார். அந்த இடத்திலேயே உயிர் போனது. வயது 55. சில வாரங்களில் ஹார்வர்டுக்குப் பாடம் நடத்தப் போவதாக இருந்தார்.

கொலைக்குக் காரணம் விடுதலைப் புலிகள்தான் என்று இலங்கை அரசு குற்றம்சாட்டியது. உலக அளவிலும் அப்படியே பரவலாகக் கருதப்பட்டது. புலிகள் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. அவர் எழுத உதவிய தீர்வுத் திட்டமும் பிழைக்கவில்லை. 2000 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த புதிய அரசியலமைப்பு வரைவு, கடும் எதிர்ப்பில் அப்படியே கைவிடப்பட்டது.

இன்னொரு தகவல். ஜூலை 29 என்பது, 1987-ல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான தேதியும்கூட. சமாதானத்துக்காகப் போட்ட கையெழுத்தும் சமாதானம் பேசியவரின் மரணமும் ஒரே தேதியில் வருகின்றன.

பெயரில் ஓர் அறக்கட்டளை

நீலனை நினைவுகூரும் வழிகள் கொழும்பில் பல உண்டு. அவர் உருவாக்கிய இனத்துவக் கற்கைகளுக்கான நிலையம், அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவுகளை நடத்தி வந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஓர் அரங்கத்துக்கும் அவர் பெயர்தான்.

நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை இவற்றிலிருந்து வேறுபட்டது. இது நிதி வழங்கும் அமைப்பு. தானே நேரடியாகத் திட்டங்களை நடத்துவதைவிட, சமாதானம், நீதி, நல்லிணக்கம், மனித உரிமை ஆகிய துறைகளில் வேலை செய்யும் மற்ற அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து உதவுவதே இதன் முக்கியப் பணி. வாஷிங்டனிலோ ஜெனீவாவிலோ தலைமையகம் வைத்துக்கொண்டு இலங்கைக்குக் கிளை அனுப்பிய நிறுவனம் இல்லை. இலங்கையிலேயே உருவாகி, இலங்கையர்களே முடிவெடுக்கும் அமைப்பு.

இதன் தலைவராகப் பொறுப்பு வகித்தவர் அம்பிகா சற்குணநாதன். 2015 முதல் 2020 வரை இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஆணையாளராக இருந்த சட்டத்தரணி. இலங்கைச் சிறைகளைப் பற்றி முதன்முதலாக நாடு தழுவிய ஆய்வை நடத்தியது அவர் தலைமையிலான குழுதான். இதை ஏன் சொல்கிறோம் என்றால், நினைவு நிதியில் பணத்துக்குச் சமமான முக்கியத்துவம், அதை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதற்கும் உண்டு. சிறைக்குள் போய்ப் பார்த்தவருக்கு, சிறைக் கைதிகளுக்காக வேலை செய்யும் சின்ன அமைப்புக்கு எது தேவை என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மனித உரிமை வேலை என்றதும் நமக்கு நீதிமன்றமும் ஐ.நா. சபையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பணம் எங்கே செலவாகிறது தெரியுமா? பஸ் கட்டணத்தில். போட்டோ காப்பியில். சிங்களத்தில் வந்த போலீஸ் ஆவணத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பதில். சாட்சி சொல்ல வருகிற பெண்ணின் ஒருநாள் கூலியை ஈடுகட்டுவதில்.

வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் பந்தல் போட்டு, பிள்ளைகளின் போட்டோவோடு உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று அடுத்தடுத்துப் பந்தல்கள் எழுந்தன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்தப் போராட்டம் நீண்டது. கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'என் பிள்ளை எங்கே?' அந்தக் கேள்வியைத் தினமும் கேட்பதற்குக்கூட, பந்தலுக்கும் பயணத்துக்கும் செலவு ஆகும். இது மாதிரியான செலவுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. கம்பெனிகளின் விளம்பரதாரர் பணமும் வராது. கோடிகளில் யோசிக்கும் சர்வதேச நிறுவனங்களுக்கு 30 பக்க ஆங்கில விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஓர் ஊரின் அம்மாக்கள் சங்கத்தால் முடியாது. உள்ளூர் நிதி ஒன்றின் தேவை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சோழர் காலத்து 'ஃபிக்ஸட் டெபாசிட்'

'நினைவு நிதி' என்பது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். சாகாத, மூப்பு அடையாத ஆடுகள் என்று பொருள்.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய வேண்டும். தினமும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஒருவர் 96 ஆடுகளைக் கொடையாகக் கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்படும். தினமும் நெய் அளப்பது அவர் பொறுப்பு. ஆடு செத்தால், பிறக்கிற குட்டியை வைத்து அவர் ஈடு செய்துகொள்ள வேண்டும். கணக்கில் 96 என்றைக்கும் 96-தான். அதனால்தான் அவை சாவதில்லை, மூப்பதுமில்லை!

இன்றைக்கு இதையே மூலதன நிதி என்கிறோம். அசலைத் தொடாமல், வருகிற வட்டியில் மட்டும் வேலை நடக்க வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு'களும், பள்ளி ஆண்டு விழாவில் தாத்தா பெயரில் கொடுக்கும் கணிதப் பரிசும் இதே வழியில் நடப்பவைதான்.

ஆனால், பணம் ஆடு மாதிரி குட்டி போடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய் போட்டு ஒரு நினைவு நிதி தொடங்குகிறோம். வட்டி 7 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70,000 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால், விலைவாசி ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறுகிறது என்றால், அந்த 10 லட்சத்தின் மதிப்பைக் காப்பாற்றவே 50,000 ரூபாயை அசலில் திருப்பிச் சேர்க்க வேண்டும். மிச்சம் 20,000. அதுதான் உண்மையில் நம் கைக்காசு.

எல்லா 70,000-ஐயும் செலவு செய்தால்? தொடங்கிய வருடம் நான்கு பேருக்கு உதவிய நிதி, 20 வருடம் கழித்து சுமார் ஒன்றரைப் பேருக்குத்தான் உதவும். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும்.

இலங்கையில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமானது. 2022 பொருளாதார நெருக்கடியில், சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டாலர் சில வாரங்களில் 360 ரூபாய் வரை போனது. அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவிகிதத்தைத் தொட்டது. இலங்கை ரூபாயில் சேமித்து வைத்திருந்த எந்த நிதியும் அந்த ஒரே வருடத்தில் எவ்வளவு இளைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உதவி அதிகம் தேவைப்பட்ட வருடமும் அதேதான்.

ஆக, நினைவு நிதியை உயிரோடு வைத்திருப்பது வட்டி மட்டும் அல்ல. வருடா வருடம் புதிதாக யாராவது அதில் பணம் போட வேண்டும். அந்த மனிதரை நேரில் பார்த்திராத தலைமுறையும் போட வேண்டும். நெய் அளக்க ஒரு இடையர் எப்போதும் தேவை.

பரிசு வேறு, நிதியுதவி வேறு

உலகம் முழுக்க, கொல்லப்பட்ட அல்லது மறைந்த மனித உரிமையாளர்கள் பெயரில் விருதுகள் உண்டு. 1968 முதல் 1980 வரை அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பொதுச்செயலாளராக இருந்த மார்ட்டின் என்னல்ஸ் 1991-ல் இறந்தார். அவர் பெயரிலான விருது 1994 முதல் வழங்கப்படுகிறது. 10 முன்னணி மனித உரிமை அமைப்புகளின் பிரதிநிதிகள் அடங்கிய நடுவர் குழு அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது.

விருதினால் பெரிய நன்மை உண்டு. வெளிச்சம். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் மேல் கை வைக்க அதிகாரம் கொஞ்சம் தயங்கும். ஆனால், தயங்காத இடங்களும் இருக்கின்றன.

ரஷ்யப் பத்திரிகையாளர் அன்னா பொலிட்கோவ்ஸ்கயா, செச்சன்யாவில் நடந்த கொடுமைகளை எழுதியவர். 2006 அக்டோபர் 7-ல் மாஸ்கோவில் அவர் வசித்த குடியிருப்பின் லிஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு வருடமே லண்டனில் அவர் பெயரில் ஒரு விருது தொடங்கப்பட்டது. 2007-ல் அதை முதலில் பெற்றவர் நடால்யா எஸ்டெமிரோவா. செச்சன்யாவில் கடத்தல்களையும் கொலைகளையும் ஆவணப்படுத்தி வந்தவர். 2009 ஜூலை 15 காலை, வீட்டருகே அவரையே கடத்தினார்கள். அன்றே அவர் உடல் கிடைத்தது.

கொல்லப்பட்டவர் பெயரிலான முதல் விருதை வாங்கியவர், இரண்டே வருடத்தில் கொல்லப்பட்டார். விருதால்தான் கொலை நடந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வெளிச்சம் மட்டுமே கவசமாகிவிடாது என்பதுதான் இதில் தெரிகிற உண்மை.

நிதியுதவியின் வழி இன்னொன்று. விருது, முடித்த வேலைக்கு மரியாதை செய்கிறது. நிதியுதவி, முடியாத வேலைக்குச் செலவு செய்கிறது. விருது பெரும்பாலும் ஒரு முகத்துக்குப் போகும். நிதியுதவி ஓர் அமைப்பின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போகும். அந்த அமைப்பில் ஒருவர் மிரட்டப்பட்டாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்தவர் வந்து அதே நாற்காலியில் உட்கார முடியும். ஒருவரைக் கொன்றால் வேலை நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

உள்ளூர்ப் பணம் ஏன் முக்கியம்?

'வெளிநாட்டுப் பணத்தில் நடத்துகிறார்கள்.' மனித உரிமை பேசுகிற யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாத குற்றச்சாட்டு இது. இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. அதில் ஒரு உண்மையும் இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறதோ, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பதும் அங்கிருந்துதான் வரத் தொடங்கும். அந்த நாட்டின் அக்கறை அடுத்த வருடம் வேறு போருக்கு மாறினால், பணமும் மாறிவிடும். கிளிநொச்சி அம்மாவின் கேள்வி மட்டும் மாறாது.

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ-வில், 2020-ல் பெரிய திருத்தங்கள் வந்தன. வெளிநாட்டு நிதியை டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவிகிதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது என்றானது.

முன்பு ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டிலிருந்து நிதி வாங்கி, கிராமத்தில் இருக்கும் பத்துச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். சின்ன அமைப்புகளுக்கு ஆங்கில விண்ணப்பம், ஆடிட்டர் போன்ற தலைவலி குறைவு. அந்தக் குழாய் இப்போது அடைக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டு நிதிக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பது அரசின் வாதம். சின்ன அமைப்புகள் மூச்சுத் திணறுகின்றன என்பது சமூகச் செயற்பாட்டாளர்களின் வாதம். எந்தப் பக்கம் நியாயம் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால், உள்ளூர் மக்கள் போடும் பணத்துக்கு இந்தத் தடை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பசிக்கு, படிப்புக்கு, கண் ஆபரேஷனுக்கு என்று கேட்டால் நாம் தாராளமாகக் கொடுப்போம். லாக்கப்பில் அடிபட்டவரின் வழக்குச் செலவுக்கு என்று கேட்டால் கை தயங்கும். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று தோன்றும். அந்தத் தயக்கம் இருக்கும்வரை இந்த வேலைக்கு வெளிநாட்டுப் பணம்தான் வரும். வெளிநாட்டுப் பணம் வரும்வரை அந்தக் குற்றச்சாட்டும் வரும். நீலன் பெயரில் இலங்கைக்குள்ளேயே ஒரு நிதி இயங்குவது, அந்தச் சுழலை உடைக்க முடியுமா என்று பார்க்கும் ஒரு முயற்சி.

நீங்களும் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா?

ஒரு ஆசிரியர், தொழிற்சங்கத் தோழர், ஊருக்காக ஆர்.டி.ஐ போட்டு அலைந்த பெரியவர் என்று, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் நிதி தொடங்க நினைத்தாலோ, இருக்கும் நிதிக்குப் பணம் கொடுக்க நினைத்தாலோ, இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. நோக்கம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறதா? 'சமூக சேவை' என்றால் எல்லாம் அடங்கும், எதுவும் நடக்காது. 'எங்கள் மாவட்டத்தில் கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்டவர்களின் சட்டச் செலவு' என்றால், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

2. அசல் எது, செலவுக்கான பணம் எது என்று பிரித்திருக்கிறார்களா? இந்தியாவில் பதிவு செய்து வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை, வருமானத்தில் பொதுவாக 85 சதவிகிதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். ஆகவே வட்டியை அசலில் சேர்த்துக்கொண்டே போக முடியாது. அசல் வளர வேண்டும் என்றால், 'இது மூலதன நிதிக்கு' என்று குறிப்பிட்டு நன்கொடை வர வேண்டும். தொடங்கும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

3. யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? குடும்பத்தினர் மட்டுமே குழுவில் இருந்தால் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்காது. யாருக்காக நிதியோ, அந்தச் சமூகத்திலிருந்து ஒருவராவது முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

4. விண்ணப்பம் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் இருக்கிறதா? 20,000 ரூபாய் உதவிக்கு 20 பக்கம் எழுதச் சொன்னால், எழுதத் தெரிந்தவருக்குத்தான் பணம் போகும், தேவைப்பட்டவருக்குப் போகாது.

5. வாங்கியவரின் பாதுகாப்பை யோசித்தார்களா? மேடையில் காசோலையோடு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது நமக்குப் பெருமை. போலீஸ் மேலோ மணல் கொள்ளையர் மேலோ வழக்கு போட்டிருக்கும் ஒருவருக்கு அதுவே ஆபத்து. கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். பெயரை வெளியிடலாமா என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

ஒத்துப்போகாதவர்களும் நினைக்கலாம்

நீலனின் அரசியலை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தீர்வுத் திட்டம் சரியா, அரசை அவர் நம்பியது சரியா என்று விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். சிலை வைத்திருந்தால் அந்த விவாதம் மாலை போடுவதா, வேண்டாமா என்பதில் முடிந்திருக்கும்.

நிதி அப்படி விடாது. ஒவ்வொரு முறை பணம் பிரித்துக் கொடுக்கும்போதும், 'இன்றைக்கு யாருடைய உரிமை பறிபோயிருக்கிறது? அதற்காக உழைப்பது யார்? அவருக்கு என்ன தேவை?' என்று மேசையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். பதில் ஒரு முறை வடக்கில் நிலம் இழந்த தமிழராக இருக்கும். இன்னொரு முறை மலையகத்துத் தோட்டத் தொழிலாளியாகவோ, மத வெறுப்புக்கு ஆளான முஸ்லிமாகவோ, காணாமல்போன மகனைத் தேடும் தெற்கத்திச் சிங்களத் தாயாகவோ இருக்கும்.

கின்சி வீதியில் குண்டு வைத்தவர்கள் நிறுத்த நினைத்தது அந்தக் கேள்விகளைத்தான். அவர் பெயரில் ஒருவருக்கு பஸ் கட்டணம் கிடைத்து, அவர் நீதிமன்றம் போய்ச் சேர்கிற ஒவ்வொரு நாளும், அந்தக் கேள்வி மறுபடி ஒருமுறை சத்தமாகக் கேட்கப்படுகிறது.